கூட்ஸ் வண்டிக்கு ஃப்ளாஷ் அடித்த மனிதர்: யார் இந்த ஓ. வின்ஸ்டன் லிங்க்?

மழைக்கால மாலை. தாம்பரம் ஸ்டேஷனில் செங்கல்பட்டு வண்டிக்காகக் காத்திருக்கிறீர்கள். பக்கத்துத் தண்டவாளத்தில் ஒரு கூட்ஸ் வண்டி நிற்காமல் வருகிறது. ஹெட்லைட் வெளிச்சத்தில் மழைச்சாரல் தெரிகிறது, நடைமேடை லேசாக அதிருகிறது. பக்கத்தில் நிற்கும் குழந்தை வேகன்களை எண்ண ஆரம்பித்துவிடுகிறது. நாமும் மொபைலை எடுத்து ஒரு கிளிக் அடிக்கிறோம்.

வீட்டுக்கு வந்து கேலரியைத் திறந்தால் ஒரு வெள்ளை வெளிச்சப் பொட்டு, சுற்றிலும் இருட்டு, கலங்கிப்போன ஒரு கோடு. அவ்வளவுதான். வண்டியையே காணோம்.

இதில் உங்கள் தப்பு எதுவும் இல்லை. ஓடுகிற ரயில், இருட்டு, மோசமான வானிலை மூன்றும் சேர்ந்தால் இன்றைய மொபைல் கேமராவே திணறும். நைட் மோட் பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாக்குகிறது. அசையாத கட்டடத்துக்கு அது சரிப்படும், ஓடும் இன்ஜினுக்குச் சரிப்படாது.

ஆனால் சுமார் 70 ஆண்டுகளுக்கு முன்பே, ஃபிலிம் கேமராவை வைத்துக்கொண்டு, ஓடும் ரயில்களை நள்ளிரவில் துல்லியமாகப் படம் எடுத்த ஒருவர் இருந்தார். சக்கரத்தின் கம்பி முதல் புகையின் சுருள் வரை அந்தப் படங்களில் தெளிவாகத் தெரியும். அவர் பெயர் ஓ. வின்ஸ்டன் லிங்க். உலகம் முழுக்க ரயில் படம் எடுக்கும் பழக்கம் உள்ளவர்கள் இன்றைக்கும் மரியாதையோடு சொல்லும் பெயர். அவர் கதையைப் பார்ப்போம்.

இன்ஜினீயரிங் படித்த போட்டோகிராபர்

முழுப்பெயர் ஓகில் வின்ஸ்டன் லிங்க். அமெரிக்காவின் நியூயார்க் நகரில் புரூக்ளின் பகுதியில் 1914 டிசம்பர் 16 அன்று பிறந்தார். அப்பா பள்ளிக்கூடத்தில் தச்சுவேலை சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர். கையால் செய்து பார்க்கும் பழக்கமும் கேமரா ஆசையும் அப்பாவிடமிருந்து மகனுக்கு ஒட்டிக்கொண்டன. படத்தைப் பெரிதாக்கும் என்லார்ஜர் கருவியை டீன் ஏஜிலேயே சொந்தமாகச் செய்துகொண்டார்.

படித்தது சிவில் இன்ஜினீயரிங். 1937-ல் புரூக்ளின் பாலிடெக்னிக் கல்லூரியில் பட்டம் வாங்கினார். ஆனால் கட்டடம் கட்டப் போகவில்லை. ஒரு மக்கள் தொடர்பு நிறுவனத்தில் போட்டோகிராபர் வேலை கிடைத்தது, சேர்ந்துவிட்டார். படித்தது ஒன்று, பார்த்தது வேறு என்பது நம் ஊர் இன்ஜினீயரிங் பட்டதாரிகளுக்கு மட்டும் நடக்கும் கதை இல்லை போல.

அந்த வேலையில் அவர் கற்றுக்கொண்டது முக்கியம். விளம்பரப் படத்தில் எதையும் தற்செயலுக்கு விட முடியாது. யார் எங்கே நிற்க வேண்டும், வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து விழ வேண்டும் என்று எல்லாவற்றையும் முன்கூட்டியே முடிவுசெய்ய வேண்டும். இந்தப் பழக்கம்தான் பின்னால் ரயில் படங்களுக்கு அஸ்திவாரம்.

இரண்டாம் உலகப் போர் வந்தது. சின்ன வயதில் வந்த பொன்னுக்கு வீங்கியால் அவருக்குக் காது கேட்பதில் குறை இருந்தது. ராணுவத்தில் எடுக்கவில்லை. பதிலாக, நீர்மூழ்கிக் கப்பல்களை விமானத்திலிருந்து கண்டுபிடிக்கும் கருவியை உருவாக்கிய ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தார். போர் முடிந்ததும் 1946-ல் நியூயார்க்கில் சொந்த ஸ்டூடியோ. பெரிய பெரிய கம்பெனிகள் வாடிக்கையாளர்கள். வாழ்க்கை சீராகத்தான் போய்க்கொண்டிருந்தது.

ஏ.சி. விளம்பரத்துக்குப் போனவர்

1955 ஜனவரி. ஏ.சி. மெஷின் விளம்பரப் படம் எடுக்க வர்ஜீனியா மாநிலத்தில் ஸ்டான்டன் என்ற ஊருக்குப் போனார் லிங்க். பக்கத்து ஊரான வெயின்ஸ்பரோ வழியாக ஒரு ரயில் பாதை போகிறது, அதில் இன்னும் நீராவி இன்ஜின்கள் ஓடுகின்றன என்று அவருக்குத் தெரியும். வேலை முடிந்ததும் சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்பினார்.

அந்தக் காலத்து அமெரிக்காவில் இது பெரிய விஷயம். மற்ற பெரிய ரயில் கம்பெனிகள் எல்லாம் வேகவேகமாக டீசலுக்கு மாறிக்கொண்டிருந்தன. நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன் என்ற கம்பெனி மட்டும் கரி இன்ஜினை விடவில்லை. காரணம் எளிது. அந்தக் கம்பெனியின் முக்கிய வருமானமே நிலக்கரி ஏற்றிச் செல்வதுதான். பாதை நெடுக நிலக்கரிச் சுரங்கங்கள். எரிபொருள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ரோனோக் நகரில் இருந்த சொந்தப் பணிமனையிலேயே இன்ஜின்களையும் கட்டிக்கொண்டார்கள். பயணிகள் வண்டிக்கு ஜே ரகம், வேகமான சரக்கு வண்டிக்கு ஏ ரகம், கனமான நிலக்கரி வண்டிக்கு ஒய்-6 ரகம்.

1955 ஜனவரி 21 இரவு, வெயின்ஸ்பரோ ஸ்டேஷனில் லிங்க் தன் முதல் இரவு ரயில் படத்தை எடுத்தார். பிறகு அந்தக் கம்பெனிக்கு ஒரு கோரிக்கை வைத்தார். உங்கள் நீராவி ரயில்களை நான் படம் எடுக்க வேண்டும், அனுமதி கொடுங்கள். சம்பளம் கேட்கவில்லை. கம்பெனி சம்மதித்தது. தண்டவாளம், பணிமனை, சிக்னல் கேபின் எல்லாவற்றுக்கும் போய்வர வழி கிடைத்தது. சில இடங்களில் அவருடைய படத்துக்காக வண்டியைக் கொஞ்சம் நிறுத்திவைக்கக்கூட ஊழியர்கள் தயாராக இருந்தார்கள்.

அதே ஆண்டு மே மாதம், அந்தக் கம்பெனியும் டீசலுக்கு மாறத் தொடங்குவதாக அறிவித்தது. அதாவது லிங்குக்குக் கவுன்ட்டவுன் ஆரம்பித்துவிட்டது. அடுத்த ஐந்து ஆண்டுகளில் சுமார் 20 முறை நியூயார்க்கிலிருந்து அங்கே போய் வந்தார். செலவெல்லாம் சொந்தக் காசு. நகரத்தில் விளம்பர வேலை பார்த்துச் சம்பாதித்ததை மலையோர ரயில் பாதையில் கொண்டுபோய்க் கொட்டினார். கடைசியில் கையில் சுமார் 2,400 நெகட்டிவ்கள் இருந்தன.

ஏன் இரவு?

எல்லோரும் கேட்கும் கேள்வி இது. பகலில் சூரியன் இலவசமாக வெளிச்சம் தருகிறதே, எதற்கு இவ்வளவு கஷ்டம்?

லிங்கின் கணக்கு வேறு. சூரியனை நாம் நகர்த்த முடியாது. தண்டவாளத்தையும் நகர்த்த முடியாது. வண்டி ஒரு பக்கம் வர, வெயில் இன்னொரு பக்கம் இருந்தால் கதை முடிந்தது. நீராவி இன்ஜின் கறுப்பு நிறம். நிழல் விழும் பக்கத்தில் சக்கரம், இணைப்புத் தண்டு எல்லாம் ஒரே கறுப்பு மூட்டையாகிவிடும். போதாக்குறைக்கு பின்னணியில் கம்பம், கம்பி, குப்பை எல்லாம் வந்து நிற்கும்.

இரவு அப்படியில்லை. நீங்கள் எதற்கு வெளிச்சம் போடுகிறீர்களோ அது மட்டுமே படத்தில் இருக்கும். வேண்டாததை இருட்டு மறைத்துவிடும். கறுத்த வானத்துக்கு எதிரே வெள்ளை நீராவி பளீரென்று தெரியும். இதில் வானிலைக்கும் பங்கு உண்டு. காற்று குளிராக இருந்தால் நீராவி சீக்கிரம் கலைந்து மறையாது, அடர்த்தியான வெள்ளை மேகமாக நிற்கும். அதே காற்று தப்பான பக்கம் அடித்தால், புகை இன்ஜினையே மூடிவிடும்.

சரி, வெளிச்சம் எங்கிருந்து வந்தது? ஃப்ளாஷ் பல்புகளிலிருந்து. இது இன்றைய ஃப்ளாஷ் போல மறுபடி மறுபடி மின்னுவது இல்லை. பல்புக்குள் மெல்லிய உலோக இழை இருக்கும். மின்சாரம் பாய்ந்ததும் அது ஒரே நொடியில் எரிந்து தீர்ந்துவிடும். ஒரு பல்பு, ஒரு முறை. அதன் பிறகு தூக்கிப் போட வேண்டியதுதான்.

கேமராவுக்குப் பக்கத்தில் பல்பு வைத்தால் தூரத்தில் வரும் ரயிலுக்கு வெளிச்சம் எட்டாது. தூரம் இரட்டிப்பானால் வெளிச்சம் நாலில் ஒன்றாகிவிடும் என்பது இயற்பியல். அதனால் தண்டவாளத்தை ஒட்டி, மரத்துக்குப் பின்னால், கட்டடத்தின் ஓரத்தில் என்று பல இடங்களில் பல்புகளைப் பொருத்த வேண்டும். எல்லாவற்றையும் வயரால் இணைக்க வேண்டும். எல்லாம் ஒரே கணத்தில் எரிய வேண்டும், அதே கணத்தில் கேமராவின் ஷட்டர் திறக்க வேண்டும். இங்கேதான் இன்ஜினீயரிங் படிப்பு கைகொடுத்தது. டஜன் கணக்கான பல்புகளையும் மூன்று கேமராக்களையும் ஒரே நேரத்தில் இயக்கும் மின் கருவியை அவரே வடிவமைத்தார்.

ஒரு வயர் விட்டுப்போனாலும் மொத்த வேலையும் வீண். நாள் முழுக்க உதவியாளரோடு சேர்ந்து வயர் இழுத்து, பல்பு மாட்டி, காத்திருந்து, வண்டி வரும்போது ஒரே ஒரு பட்டன். படம் விழுந்ததா இல்லையா என்பது ஃபிலிமைக் கழுவிப் பார்த்தால்தான் தெரியும்.

கார் தியேட்டரும் கூட்ஸ் வண்டியும்

அவருடைய படங்களில் உலகப் புகழ் பெற்றது ஹாட்ஷாட் ஈஸ்ட்பவுண்ட். எடுத்த நாள் 1956 ஆகஸ்ட் 2. இடம், மேற்கு வர்ஜீனியாவில் யேகர் என்ற சின்ன ஊர்.

காரில் உட்கார்ந்தபடியே சினிமா பார்க்கும் திறந்தவெளி தியேட்டர். வரிசை வரிசையாகக் கார்கள். முன்னால் ஒரு திறந்த காரில் இளம் ஜோடி. அந்தக் காரே லிங்குடைய பியூக் கார்தான். திரையில் ஒரு போர் விமானம் பறக்கிறது. தியேட்டருக்குப் பின்னால், ஏ ரக இன்ஜின் இழுக்கும் வேகமான சரக்கு ரயில் ஒன்று வெள்ளைப் புகையைக் கக்கிக்கொண்டு பாய்கிறது. இத்தனைக்கும் சேர்த்து நாற்பதுக்கும் மேற்பட்ட பல்புகள் ஒரே நேரத்தில் எரிந்தன.

இதில் ஒரு டெக்னிக்கல் சிக்கல். இத்தனை வெளிச்சம் பட்டால் சினிமாத் திரை வெறும் வெள்ளையாகத்தான் தெரியும். ஆகவே விமானம் இருக்கும் காட்சியைத் தனியாகப் படம் எடுத்து, டார்க் ரூமில் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்தார். ஃபோட்டோஷாப் வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே நடந்த எடிட்டிங் இது.

படத்தைக் கவனித்துப் பாருங்கள். ரயிலை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லோர் முகமும் திரையை நோக்கி. காரும் ஜெட் விமானமும் புதிய காலம். கரி இன்ஜின், யாருக்கும் தெரியாமல் பின்பக்கமாக வெளியேறிக்கொண்டிருக்கிற பழைய காலம். இன்னும் நான்கு ஆண்டில் காணாமல் போகப்போகிற ஒன்றை அவர் அந்த இடத்தில் வைத்துக் காட்டினார்.

வண்டி மட்டும் இல்லை, ஊரும்

ரயில் ரசிகர்கள் எடுக்கும் படங்களில் பொதுவாக இன்ஜின் மட்டும்தான் இருக்கும். லிங்கின் படங்கள் தனித்து நிற்பதற்குக் காரணம், அவற்றில் மனிதர்கள் இருப்பதுதான். லூரே என்ற ஊரில், மேலே பாலத்தில் ரயில் போக, கீழே ஓடையில் சிறுவர்கள் குளித்துக்கொண்டிருப்பார்கள். லித்தியா என்ற ஊரில் ஒரு வீட்டின் வரவேற்பறை, ஜன்னலுக்கு வெளியே ரயில் கடந்து போகும். பகலில் எடுத்த படங்களும் உண்டு. கிரீன் கோவ் என்ற குட்டி ஸ்டேஷனில் வண்டி இழுக்கும் ஒரு குதிரை, வரும் ரயில் முன் தலை குனிந்து நிற்கும் படம் அவற்றில் பிரபலம்.

குரோம்பேட்டையிலோ ஊரப்பாக்கத்திலோ தண்டவாளத்தை ஒட்டிய தெருவில் வளர்ந்தவர்களுக்கு இந்தப் படங்கள் சட்டென்று புரியும். அங்கே ரயில் என்பது பார்க்கப் போகும் பொருள் கிடையாது. டிவி சத்தத்தை ஒரு நிமிடம் மூழ்கடித்துவிட்டுப் போகும் வீட்டு விஷயம்.

இன்னொரு ஆச்சரியம். காது சரியாகக் கேட்காத இந்த மனிதர், ரயில்களின் ஒலியையும் பதிவு செய்தார். 1957 கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவில் ரூரல் ரிட்ரீட் என்ற ஊரில், தேவாலய மணியிசையோடு கலந்து ஒலிக்கும் நீராவி ரயிலின் சத்தத்தைப் பதிவு செய்தது அவற்றில் புகழ்பெற்றது. 1957 முதல் 1977 வரை இந்த ஒலிகள் ஆறு இசைத்தட்டுகளாக வெளிவந்தன. படம் எடுத்தவர் ஒலியை எதற்குச் சேர்த்து வைத்தார்? மறையப்போவது ஒரு இன்ஜினின் தோற்றம் மட்டும் கிடையாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

முடிந்தது 1960-ல்

1960 மே மாதத்தோடு அந்தப் பாதையில் நீராவி ரயில்களின் வழக்கமான ஓட்டம் நின்றது. லிங்க் நியூயார்க்குக்குத் திரும்பி, விளம்பரப் படங்களையே எடுத்தார். பெரும்பாலான ரயில் படங்கள் பெட்டிக்குள் போயின. நியூயார்க்கின் வெராசானோ பாலம் கட்டப்படுவதைப் படம் எடுத்தார். 1983-ல் ஓய்வு பெற்றார்.

அதே ஆண்டில்தான் அருங்காட்சியகங்களும் கேலரிகளும் அவருடைய ரயில் படங்களைப் பெரிய அளவில் காட்சிக்கு வைக்க ஆரம்பித்தன. 1987-ல் ஒரு புத்தகம், 1995-ல் இன்னொரு புத்தகம் வந்தன. எடுத்து முடித்து கால் நூற்றாண்டுக்குப் பிறகு, கிட்டத்தட்ட 70 வயதில் அவர் பிரபலமானார்.

புகழோடு வலியும் வந்தது. படங்களின் விலை ஏறியது. இரண்டாவது திருமணம் கசப்பாக முடிந்தது. அவருடைய அச்சுப் படங்களைத் திருடியதாக இரண்டாவது மனைவி மீது வழக்கு நடந்து, 1996-ல் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. இந்த வழக்கைப் பற்றி ஆவணப்படமே வந்தது. ஆயுள் முழுக்க வெளிச்சத்தைக் கட்டுப்படுத்தியவரால், கடைசிக் காலத்தில் தன் வீட்டுக் கதை மீது விழுந்த வெளிச்சத்தைக் கட்டுப்படுத்த முடியவில்லை.

1999-ல் வெளிவந்த அக்டோபர் ஸ்கை என்ற ஹாலிவுட் படத்தில் ஒரு சின்ன வேடத்தில் வந்தார். வேடம் என்ன தெரியுமா? நீராவி ரயிலின் டிரைவர்.

2001 ஜனவரி 30 அன்று, 86 வயதில் மாரடைப்பால் இறந்தார். தன் பெயரில் அமையவிருந்த அருங்காட்சியகத்தின் திட்டங்களில் அவர் ஈடுபட்டிருந்தார், திறப்பு விழாவைப் பார்க்கவில்லை. 2004 ஜனவரியில் ரோனோக்கில், அந்த ரயில் கம்பெனியின் பழைய பயணிகள் ஸ்டேஷன் கட்டடத்திலேயே அது திறக்கப்பட்டது. அவர் படம் எடுத்த காலத்து ஜே ரக இன்ஜின்களில் 611 எண் கொண்டது மட்டும் தப்பிப் பிழைத்தது. அதே ஊரிலுள்ள போக்குவரத்து அருங்காட்சியகம்தான் அதன் வீடு.

இதெல்லாம் செட்டப் தானே?

இந்தக் கேள்வி நியாயமானது. ஆட்களை நிற்கவைத்து, வெளிச்சம் போட்டு, டார்க் ரூமில் விமானத்தை ஒட்டி எடுத்த படத்தை ஆவணம் என்று சொல்லலாமா? நியூஸ் போட்டோகிராபி விதிப்படி பார்த்தால் கூடாது. அவர் காட்டும் ஊர்கள் எப்போதும் அமைதியாக, அழகாக இருக்கின்றன. சுரங்கத் தொழிலாளியின் கஷ்டமோ, அன்றைய அமெரிக்கத் தென்பகுதியில் இருந்த நிறவேறுபாடோ அவற்றில் பெரிதாகத் தெரிவதில்லை.

ஆனால் அந்த இன்ஜின்கள் நிஜம். அந்தப் பாதை நிஜம், வீடு நிஜம், வீட்டில் உட்கார்ந்திருப்பவர்கள் அந்த ஊர்க்காரர்கள். காட்சியை அவர் அடுக்கினார், பொருள்களைக் கற்பனை செய்யவில்லை. இரண்டையும் சேர்த்தே அவரைப் புரிந்துகொள்ள வேண்டும்.

தாம்பரத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

இருக்கிறது. 1931-ல் சென்னை கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மீட்டர் கேஜ் பாதையில் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. தலைமுறை தலைமுறையாக இந்தப் புறநகரை வளர்த்த அந்தக் குறுகிய பாதையில், 2004 ஜூலையோடு மீட்டர் கேஜ் ஓட்டம் நின்றது. 1930-ல் சரக்கு இழுக்க தென்னிந்திய ரயில்வே இந்தப் பாதைக்கென்று வாங்கிய நான்கு மின்சார இன்ஜின்களில் ஒன்றைப் பார்க்க இப்போது டெல்லி தேசிய ரயில் அருங்காட்சியகத்துக்குத்தான் போக வேண்டும்.

30 வயதைத் தாண்டிய தாம்பரம்வாசிகளுக்கு அந்தச் சின்ன வண்டிகள் ஞாபகம் இருக்கும். ஆனால் உங்கள் வீட்டு ஆல்பத்தில் அதன் படம் எத்தனை இருக்கிறது? ஊட்டி டூரில் எடுத்த படம் இருக்கும். தினமும் ஏறி இறங்கிய வண்டியின் படம் இருக்காது. நாளைக்கும் வரும் என்று நினைத்த எதையும் நாம் படம் எடுப்பதில்லை.

லிங்கிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது இதுதான். நாற்பது பல்பு வேண்டாம். வடக்கு தெற்காகப் போகும் தாம்பரம் செங்கல்பட்டு பாதையில் காலையில் கிழக்குப் பக்கமும் மாலையில் மேற்குப் பக்கமும் வெளிச்சம் விழும் என்று தெரிந்தால் போதும். மழை ஓய்ந்ததும் ஈர நடைமேடையில் தெரியும் பிரதிபலிப்பு, செங்கல்பட்டு கொளவாய் ஏரிக்கரை, வண்டிக்காகக் காத்திருக்கும் பூக்காரம்மா என்று இன்ஜினோடு ஊரும் சேர்ந்து வரட்டும்.

ஒரே ஒரு விஷயம். லிங்க் தண்டவாளத்துப் பக்கம் போனது ரயில் கம்பெனியின் அனுமதியோடு. நம் ஊரில் அனுமதியில்லாமல் தண்டவாளத்தில் இறங்குவது ரயில்வே சட்டம் 147-ஆம் பிரிவின்படி குற்றம். ஆறு மாதம் வரை சிறையோ, 1,000 ரூபாய் வரை அபராதமோ கிடைக்கலாம். அதைவிட முக்கியம், வேகமாக வரும் வண்டியின் தூரத்தை நம் கண் சரியாகக் கணிக்காது. எந்தப் படமும் ஓர் உயிருக்கு ஈடில்லை. நடைமேடையின் மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று எடுத்தாலே போதும்.

அடுத்த முறை நிற்காத கூட்ஸ் வண்டி தாம்பரத்தைக் கடக்கும்போது அந்தக் குழந்தை வேகன்களை எண்ணட்டும். நீங்கள் அந்தக் குழந்தையும் வண்டியும் சேர்ந்து வருகிற மாதிரி ஒரு படம் எடுங்கள். இருபது வருடம் கழித்து அந்தக் குழந்தை அதைத் தேடும்.